இறால் ஓட்டுக் கரி

எங்கள் ஆராய்ச்சி மாணவன் செய்த மின்தேக்கி செல் என்னுடையதைவிட இரண்டரை மடங்கு மின்சாரம் தேக்கியது. திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை. எங்கேயோ ஏதோ சரியில்லை என்றுதான் தோன்றியது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளர். அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தேன். வரிசையாக வரும் பொருளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, இதில் என்ன குறை என்று தேடுவதுதான் வேலை. குறை இல்லை என்றால் இன்னொரு தரம் தேடச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்ப்பேன். கணவர் பஸ் லேட் என்றால் எந்த பஸ் என்று கேட்பேன். அவர் சிரிப்பார், ஆனால் பதில் சொல்லிவிடுவார்.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்தது வளையும் மின்தேக்கி. நோயாளியின் மணிக்கட்டில் பட்டைபோலச் சுற்றிக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டன; அவற்றுக்குள் இருக்கும் பேட்டரி மட்டும் இன்னும் கட்டையாக, வளையாமல் இருக்கிறது. அதை அச்சடித்தே செய்ய முடியுமா என்பது எங்கள் கேள்வி. த்ரீ-டி பிரிண்டரில் பிளாஸ்டிக் நூலுக்குப் பதிலாக ஒரு ஊசிக்குழாய் இருக்கும். அதில் கரிப்பொடியைக் குழைத்த கறுப்பு மையை நிரப்புவோம். மருதாணிக் கோனைப் பிதுக்குவதுபோல இயந்திரம் அதை மெல்லிய பிளாஸ்டிக் தாள்மேல் பிதுக்கிக்கொண்டே போகும். இரண்டு சீப்புகளை ஒன்றின் பல்லுக்குள் மற்றொன்றின் பல் வருமாறு, ஆனால் தொடாமல் வைத்ததுபோல ஒரு கோலம். அதன்மேல் ஜெல். சீப்பின் கைப்பிடியில் கம்பி பிடிக்க ஒரு பொட்டு வெள்ளிப் பசை. அவ்வளவுதான் செல். பேனாவில் சுற்றினால் சுற்றிக்கொள்ளும்.

நான் கடையில் வாங்கிய கரியில் அச்சடிப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். புதுக் கரியைக் கண்டுபிடிப்பது அந்த ஆராய்ச்சி மாணவனின் வேலை. அவனுக்கு இருபத்தேழு வயது, ஊர் வீராம்பட்டினம். அவன் அம்மா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இறால் உரிக்கிறவர். உரித்துப்போட்ட ஓட்டை அள்ளிக்கொண்டு வந்து, காயவைத்து, அமிலத்தில் கழுவி, காற்றுப்படாத உலையில் சுட்டுக் கரியாக்கினான். அவன் வந்த அன்றிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். சாப்பாட்டு டப்பாவில் வறுத்த மீன் இருந்தால் பாதி என் தட்டில் விழும்.

எங்கள் பேராசிரியர் வீட்டில் பிரெஞ்சு பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். சந்தோஷம் வந்தால் மட்டும் அது வெளியே வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் மேசையைத் தட்டி, "வொய்லா!" என்றார், இதோ பார் என்பதுபோல. "நான் சொல்லல? இறால் ஓட்டுலயே நைட்ரஜன் இருக்கு. அதான் இவ்வளவு தேக்குது."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல செல்லில் மின்சாரம் ஏறும்போது கோடு நேராக ஏறும், இறங்கும்போது நேராக இறங்கும். கூடாரம் மாதிரி இருக்கும். இவனுடைய கூடாரத்தில் இறங்கும் பக்கம் நடுவில் சின்னதாக ஒரு படி.

"இது என்னா தம்பி?" என்றேன்.

"அதுதான்க்கா நைட்ரஜன். சும்மா தேக்கறது மட்டும் இல்லாம ஒரு ரியாக்‌ஷனும் நடக்குது. புக்ல போட்டிருக்கு."

புத்தகத்தில் போட்டிருந்தது உண்மைதான். நானும் படித்தேன். படித்தும் மனது ஒப்பவில்லை.

ஒரு கூடை ஓட்டைச் சுட்டால் ஒரு கைப்பிடிக் கரிகூடத் தேறாது. அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அவன் வாரத்துக்கு ஏழெட்டு செல் அச்சடித்தான். இவ்வளவு கரி எங்கிருந்து வருகிறது? அப்படி யோசித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தபோது கடைக்கரி பாட்டில் கண்ணில் பட்டது. நான் கடைசியாக எடுத்தபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது போலிருந்தது. போலிருந்தது என்றுதான் சொல்கிறேன். அன்று உறுதியாகத் தெரியாது. பேனாவை எடுத்து பாட்டிலின் பின்பக்கம் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வந்து பார்த்தேன். கரி கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே இருந்தது. கணக்கில் எழுதாத கரியைச் சேர்த்தால் எண் கூடத்தான் செய்யும்.

அதற்கப்புறம் அவன் செய்வதெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் உள்ளே நுழைகிறேன்; கையில் பேப்பர் கப்போடு போகிறவன் என்னைப் பார்த்ததும் உள்ளங்கையால் அதை மூடிக்கொள்கிறான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, பொடி பறக்கும், யாராக இருந்தாலும் மூடத்தான் செய்வார்கள். இன்று எழுதும்போது இது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது மூடிய கை மட்டும்தான். "ஒரு கூடைக்கு எவ்வளவு தேறுது?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "கொஞ்சந்தான்க்கா" என்றான். எவ்வளவு என்று சொல்லவில்லை. அவன் போன் பேச வெளியே போனால் யாரோடு என்று காது நீளும். டப்பாவிலிருந்து மீனை எடுத்துவைத்தபோது எதற்கு இவ்வளவு அன்பு என்றுகூட நினைத்தேன். நினைத்துவிட்டு அந்த மீனைச் சாப்பிடவும் செய்தேன்.

கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டது என்று பேராசிரியர் சொன்ன அன்று என்னால் அடக்கமுடியவில்லை. அதில் என் பெயரும் இருந்தது. அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, பாட்டில் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கடைக்கரிய கலக்கறான்னு சொல்றியா?"

"அப்படிச் சொல்லல சார். கரி குறையுது, யாரு எடுக்கறாங்கன்னு தெரியல."

அப்படித்தான் சொன்னேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் அவனை உடனே கூப்பிட்டார். நான் போய்விடுகிறேன் என்று எழுந்தேன், இரு என்றார். அவன் வந்து நின்றான். அவர் சுற்றிவளைக்காமல் கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இவங்களா என்று நம்பமுடியாமல் பார்த்தான்.

"நான் அந்த பாட்டில தொட்டதே இல்ல சார்."

"அப்ப யாரு தொட்டது?"

அந்த நேரத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் டீயோடு உள்ளே வந்தார். பாகூர்ப் பக்கத்துக்காரர். காலையில் வயலைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். நாங்கள் எல்லோரும் அண்ணே என்போம். டம்ளர்களை வைத்துக்கொண்டே கேட்டார்.

"எந்த பாட்டிலு சார்? அலமாரியில இருக்கற கரியா? அத நான்தான் எடுத்தேன்."

"நீங்களா? எதுக்கு?"

"ஃப்ரிட்ஜ தொறந்தா இறா நாத்தம் குடலப் பொரட்டுது சார். பக்கத்து ரூம்ல இருந்து ரெண்டு தடவ வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க. கரி நாத்தத்த இழுத்துக்கும்னு தம்பிதான் ஒரு நாளு பேசிக்கிட்டிருந்துச்சு. சரின்னு ரெண்டு கப்புல போட்டு உள்ள வச்சேன். வாரத்துக்கு ஒருக்கா மாத்துவேன். அது வெல ஒசந்ததா?"

நால்வரும் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தோம். ஓட்டுப் பைகளுக்கு நடுவில் இரண்டு பேப்பர் கப்புகள், கரி நிரம்பி, கோயில் விளக்குகள்போல வரிசையாக இருந்தன. பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் அவனை நிறுத்தினேன். "தப்பு பண்ணிட்டேன் தம்பி. உங்கிட்டயே கேட்டிருக்கணும்."

"பரவால்ல மேடம்," என்றான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அரியாங்குப்பம் பாலத்தில் நெரிசல். அன்று வீட்டுக்குப் போய்ச்சேர ரொம்ப நேரமானது. வழியெல்லாம் அந்த 'மேடம்' காதில் இருந்தது.

பேராசிரியர் எனக்கொரு வேலை கொடுத்தார். தண்டனையா, சலுகையா என்று அவர் சொல்லவில்லை. "ஓட்டுலருந்து ஆரம்பிச்சு மொத்தத்தையும் நீயே ஒருதடவ செஞ்சு பாரு. அவன் எழுதி வச்சிருக்கறபடியே செய். அப்பதான் உம்மனசு ஆறும்."

காலையில் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடு வேண்டும் என்று ஒருத்தியிடம் கேட்டதும், மூன்று ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த ஓர் அம்மா தலைநிமிர்ந்தார்.

"காலேஜுக்கா? எம்புள்ளயோட வேல செய்யற அக்காவா நீ?"

ஆமாம் என்றேன். அவருக்கு ஏதாவது தெரிந்திருக்குமா என்று முகத்தையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, தலையையும் மீசையையும் ஒதுக்கிவிட்டு, நல்ல ஓடாகப் பொறுக்கி ஒரு பை நிறைய நிரப்பிக்கொடுத்தார்.

"அவனுக்கும் இப்படித்தான் பொறுக்கித் தருவேன். எதயோ கண்டுபுடிச்சிட்டானாமே. பேப்பர்ல வரப்போவுதுன்னு சொன்னான். வருமா?"

"வரும்மா," என்றேன்.

அவன் வீட்டில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது கூசியது.

அவனுடைய நோட்டைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் செய்தேன். சுத்தமான எழுத்து. அடித்தல் திருத்தல்கூட மறைக்காமல் ஒற்றைக்கோட்டில் இருந்தது. அச்சடிக்கவும் அவன் வரைந்துவைத்த கோலத்தையே எடுத்துக்கொண்டேன். என் செல்லும் அதே அளவு தேக்கியது. அதே இரண்டரை மடங்கு. அவன் சொன்னது சரி. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.

ஆனால் என் கூடாரத்திலும் அந்தப் படி இருந்தது.

அதை விட்டிருக்கலாம். நைட்ரஜன் என்று அவன் சொல்லியாகிவிட்டது, புத்தகமும் சொல்கிறது. என்னால் விடமுடியவில்லை. பழைய கடைக்கரி செல்களை எடுத்து, அவன் கோலத்தில் செய்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் கோலத்தில் சீப்பின் கைப்பிடி குட்டையாக இருந்தது. கரி கொஞ்சமாகத்தான் தேறும் என்பதால் மையை மிச்சம்பிடிக்கக் கைப்பிடியைக் குறைத்திருக்கிறான். அதனால் வெள்ளிப் பசை ஜெல்லுக்கு மிக அருகில் வந்துவிட்டது. மழைக்காலம்; காற்றில் ஈரம்; ஜெல் ஒரே இடத்தில் நிற்காது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஜெல் ஊர்ந்துபோய் வெள்ளியின்மேல் ஏறியிருந்தது. ஏறிய இடத்தில் வெள்ளியின் ஓரம் கறுத்திருந்தது.

கறுத்திருக்கிறதென்றால் வெள்ளி ஜெல்லோடு வேலை செய்கிறது. வேலை செய்கிறதென்றால் அதுவும் மின்சாரத்தைக் கொடுத்து வாங்கும்.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. கரியே இல்லாமல் ஒரு செல் செய்தேன். வெறும் பிளாஸ்டிக் தாள், இரண்டு பொட்டு வெள்ளி, நடுவில் ஜெல். கரி ஒரு துளிகூட இல்லை. எதையும் தேக்கக்கூடாது. தேக்கியது. கூடுதலாகத் தெரிந்ததில் பெரும்பங்கு அதில் இருந்தது. அந்தப் படியும் இருந்தது, இன்னும் தெளிவாக.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை இவனைத் திருடன் என்று சொல்லித் தோற்றவள், மறுபடி போய் இவன் எண் தவறு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதைவிட என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இவன் தவறு செய்திருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் தேடிக்கொண்டிருந்தேனா? கரியில்லாத செல்லை மறுபடி மறுபடி செய்தேன், தப்பாகிவிடாதா என்று. ஒவ்வொரு தடவையும் அதே கோடு வந்தது. நடுவில் இன்னொரு கெட்ட எண்ணமும் வந்தது: இது அவனுக்கு முன்பே தெரியுமோ?

இந்தத் தடவை பேராசிரியர் அறைக்குப் போகவில்லை. மதியம், மழை பெய்துகொண்டிருந்தது. பிரிண்டர் பக்கத்தில் அவன் தனியாக இருந்தான். கரியில்லாத செல்லின் கோடு இருந்த தாளைக் காட்டினேன். கடைசிவரை பார்த்தான்.

"இன்னும் உங்களுக்கு ஆத்திரம் அடங்கலையா மேடம்?"

"நான் சொல்றத நீ நம்பவேணாம். நீயே செஞ்சு பாரு. உங்கையால. நான் ரூம்லயே இருக்கமாட்டேன், வெளிய நிக்கறேன்."

"ஆமா, வெளியவே நில்லுங்க," என்றான். கதவை உள்ளே தாழிட்டான். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எனக்குத்தான் என்று புரிந்தது.

வராந்தாவில் நின்றேன். சாரல் புடவை ஓரத்தை நனைத்தது. அண்ணன் வந்து, நான் வெளியே நிற்பதையும் மூடிய கதவையும் பார்த்தார். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது.

"வாங்க," என்றான்.

திரையில் கூடாரம், நடுவில் படி. கரியில்லாத மூன்று செல் செய்து மூன்றிலும் அதைப் பார்த்திருந்தான். கண் சிவந்திருந்தது. எனக்குத் தெரியவேண்டியது அந்த முகத்திலேயே இருந்தது: அவனுக்கு முன்பு தெரியாது.

"அம்மா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க," என்றான். "பேப்பர் வருதுன்னு."

வரும் என்று நானும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

இரண்டு பேரும் சேர்ந்தே பேராசிரியரிடம் போனோம். நான் பேச ஆரம்பித்த உடனே அவர் குரல் உயர்ந்தது. "உனக்கு என்னதான் வேணும்? இவன விடமாட்டியா நீ?"

அவன்தான் குறுக்கிட்டான். "சார், அவங்க செஞ்சத நான் நம்பல. நானே செஞ்சேன். எண்ணு தப்புதான் சார்."

அவர் தாள்களை வாங்கிப் பார்த்தார். கடைசியில், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று ஆய்விதழுக்கு எங்கள் எதிரிலேயே எழுதி அனுப்பினார். அனுப்பிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தோம்.

மறுபடி நாலைந்து மாதம் ஆனது. கைப்பிடியை நீட்டி, வெள்ளிக்கும் ஜெல்லுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத பசையால் சின்ன வரப்பு ஒன்று அச்சடித்தான். உண்மையான எண் வந்தது. என் கடைக்கரியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இரண்டரை மடங்கெல்லாம் இல்லை. ஆனால் பேனாவில் சுற்றிச் சுற்றிப் பிரித்தும் அவன் கரி தாளிலிருந்து உரியவேயில்லை. என்னுடையது வெடித்துக் கொட்டியது. அதைத்தான் கட்டுரையாக எழுதினான். சின்னக் கட்டுரை. வெளிவந்தது. என் பெயர் இருக்கிறதா என்று அவன் சொல்லும்வரை நான் பார்க்கவில்லை. அதிலும் இருந்தது.

போன மாதம் அவனுக்கு வாய்மொழித் தேர்வு. அவன் அம்மா புதுப்புடவையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார், வெள்ளியால்தான் அந்த எண் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று.

"எங்க லேப்ல ஒருத்தங்க இருக்காங்க சார்," என்றான். "அவங்க எதையும் நம்பமாட்டாங்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அவன் என் பக்கம் பார்க்கவில்லை. அது நன்றியா, குத்தலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

முடிந்ததும் சமோசா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா என்னைத் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கூடவே இருந்து பாத்துக்கிட்டியாமே. சொன்னான்."

வெளியே அவன் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன்.

"அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"நடந்ததத்தான் சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

அவன் அம்மா வந்து பின்னால் ஏறிக்கொண்டார். "போய்ட்டு வரேன் மேடம்," என்றான். வண்டி கிளம்பியது. அவர் திரும்பித் திரும்பி எனக்குக் கையாட்டிக்கொண்டே போனார். அவரிடம் எவ்வளவு சொல்லியிருப்பான் என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.